படக்கதை சொல்லும் சரசுவுக்கு ஒரு காதல் கதை எழுதுகிறேன். டெக் (வீடியோ கசட் மெஷின்) காலத்து ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொட்டகலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள் நான். இப்போது ஹட்டனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை. இரண்டு வருடமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சி.ஆர். கொப்பியில் ஒரு நாவல் எழுதி வருகிறேன். காதல் கதை. படிப்பவர் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எழுதுகிற கதை. பன்னிரண்டு அத்தியாயம் வந்துவிட்டது. பதின்மூன்றில் நிற்கிறேன்.

கதாநாயகி சரசு. வயது 22. கொழுந்தெடுக்கிறாள். படம் என்றால் அவளுக்கு உயிர். பத்தாம் தேதி சம்பளம் கிடைத்தால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை டவுன் தியேட்டரில் கலரி டிக்கெட். திங்கட்கிழமை காலை பிரட்டுக்களத்தில் (வேலைக்குப் பேர் பதியும் இடத்தில்) பேர் போட்டு மலை ஏறியதும், அவள் நிரைக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்கப் பெண்களுக்குள் தள்ளுமுள்ளு நடக்கும். சரசு படத்தை வெறுமனே சொல்ல மாட்டாள், நடத்திக் காட்டுவாள். சண்டைக் காட்சி வந்தால் எல்லார் கையும் படபடவென்று ஓடும், கூடை நிறையும். காதல் காட்சி வந்தால் கை மெதுவாகிவிடும். அதனால் கங்காணி அவளிடம் வந்து, “புள்ள, இன்னைக்கு சண்டைப் படமா சொல்லு” என்று கெஞ்சுவார்.

இது என் கற்பனை இல்லை. என் பெரியம்மா அப்படித்தான் இருந்தார். அவர் படம் சொல்லும்போது நான் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) இருக்க வேண்டிய வயது, ஆனால் அழுது அடம்பிடித்து மலைக்குப் போய் அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பின்னாளில் அந்தப் படங்களில் சிலவற்றை நானே பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. பெரியம்மா சொன்ன படம் இதைவிட நன்றாக இருந்தது.

கதை நடக்கிற வருடம் 1993. அப்போது எனக்கு ஏழு வயது, டெக் எடுத்துப் படம் போட்ட இரவுகள் மங்கலாகத்தான் ஞாபகம். என் கதையில் ரவி என்ற பையன் தோட்டம் தோட்டமாக டிவியும் டெக்கும் கார் பேட்டரியும் கொண்டுபோய்ப் படம் போடுகிறான். ஒவ்வொரு தடவையும் கடைசிக் கட்டத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது. முடிவைப் பார்க்காத சரசு, திங்கட்கிழமை தானே ஒரு முடிவைக் கட்டிச் சொல்கிறாள். இந்தப் பேட்டரி விஷயம் சரியா? அந்தக் காலத்தில் படம் போட்டவர்கள் படித்தால் தவறு என்று சொல்லிவிடுவார்களோ என்பது என் முதல் கவலை.

இரண்டாவது கவலைதான் பெரியது. கொப்பியைப் படித்த ஒரு தோழி, நல்ல மனசுக்காரி, இப்படிக் கேட்டாள்: “தோட்டத்தைப் பற்றி எழுதுகிறாய், அட்டைக்கடி இல்லை, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட சண்டை இல்லை, யாரும் அழவில்லை. நம் சனங்கள் பட்ட கஷ்டத்தை மறைக்கிறாயா?” அன்றிலிருந்து பேனா ஓடவில்லை. எங்கள் லயத்தில் கஷ்டம் இருந்தது. சிரிப்பும் அதே பத்தடி அறைக்குள்தான் இருந்தது. சரசுவை ஊர் படப் பைத்தியம் என்று கூப்பிடும். என் கதை அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிடாது. அவளுக்குப் படம்தான் பள்ளிக்கூடம், அதுதான் அவள் போய்வந்த ஊர்கள்.

சிரிக்கச் சிரிக்க ஒரு தோட்டத்துக் காதல் கதை எழுதலாமா? எழுதினால் இந்த சரசுவையும் ரவியையும் எப்படிச் சேர்ப்பது?

—

பொகவந்தலாவை டெக்காரர்:

மகள், 1986இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் டெக் வாடகைக்கு விட்டவன் நான். கேட்டதற்கு நன்றி, இதையெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை.

பேட்டரி விஷயம் பாதிதான் சரி. 12 வோல்ட் கறுப்பு வெள்ளை டிவி கார் பேட்டரியில் ஓடும், அது உண்மை. ரூபவாஹினி சேனல் பார்க்க நிறைய லயத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள், ஆட்கள் பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு சார்ஜ் பண்ண டவுனுக்குப் போவார்கள். ஆனால் டெக்குக்கும் கலர் டிவிக்கும் 230 வோல்ட் வேண்டும். நாங்கள் ஜெனரேட்டர் கொண்டு போனோம். சின்ன மோட்டார், பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒரு போத்தலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். ஆகவே உங்கள் கதையில் இறங்க வேண்டியது பேட்டரி இல்லை, மண்ணெண்ணெய்.

இன்னொன்று. ஜெனரேட்டர் சத்தம் படத்தைக் கேட்கவிடாது. அதனால் லயத்துக்குப் பின்னால், மாட்டுப்பட்டிப் பக்கம், வயர் எட்டுகிற வரைக்கும் தள்ளி வைப்போம். ஓட்டம் குறைந்தால் படம் சுருங்கும், கூடினால் டிவி எரிந்துவிடும், ஆகவே ஒரு ஆள் விடிய விடிய அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். என் கடையில் அந்த வேலைக்கு ஒரு பையன் இருந்தான். எத்தனையோ தோட்டத்துக்கு வந்தான், ஒரு படமும் முழுதாகப் பார்த்தது கிடையாது. மோட்டார் சத்தத்தில் வசனமும் கேட்காது. தூரத்தில் சனங்களின் முகத்தில் டிவி வெளிச்சம் மாறுவது மட்டும் தெரியும். “அண்ணே, இப்ப எல்லாரும் அழுறாங்க, என்னா நடக்குது?” என்று ஓடி வந்து கேட்பான். உங்கள் ரவியை அந்த இடத்தில் உட்கார வையுங்கள்.

குளிரையும் மறந்துவிட வேண்டாம். டெக்கைப் பனிக்குள்ளே தூக்கிக்கொண்டு வந்து, நாற்பது பேர் மூச்சு விடுகிற அறைக்குள் வைத்தால் உள்ளே நீர் கோர்த்துவிடும். டியூ என்று ஒரு லைட் எரியும். அது அணைகிற வரை மெஷின் கசட்டை எடுக்காது. சனம் கத்தும். அதற்காகவே டெக்கைக் கம்பளியில் சுற்றித்தான் கொண்டு போவோம், பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி. படத்தில் கோடு விழுந்தால் டிராக்கிங் திருப்பிப் பார்ப்போம், அதற்கும் சரிவராவிட்டால் ஹெட்டைத் துடைப்போம். முதலில் சாமிப் படம், அப்புறம் புதுப் படம், விடியப்போகும் நேரத்தில் தூக்கம் கலையச் சண்டைப் படம். இந்த வரிசையை மாற்றினால் கிழவிகள் விட மாட்டார்கள்.

—

பண்டாரவளை டீச்சர்:

தங்கச்சி, உங்கள் தோழி கேட்டது தப்பான கேள்வி இல்லை. நம் கதைகளில் அழுகை கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1948இல் நம் சனத்துக்குக் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனம் அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்தது. இப்படி ஒரு சொல் இருக்கிற பாஷையில் எழுதுகிறவர் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்.

ஆனால் இதையும் பாருங்கள். மாசி மாதம் வந்தால் தோட்டத்தில் என்ன நடக்கிறது? காமன் கூத்து. கம்பம் ஊன்றி, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் பண்ணி வைத்து, சிவன் அவனை எரித்து, ரதி புலம்பி, கடைசியில் அவனை மறுபடி எழுப்புகிறோம். தப்பு அடிக்க, லயம் லயமாகப் போய் ஆடுகிறார்கள். காதலுக்கென்று வருடா வருடம் கூத்துக் கட்டுகிற சனம் இது. கூத்தில் கோமாளி வந்து சிரிக்க வைத்த மறுநிமிடம் ரதி அழுவாள், பார்க்கிற ஆட்கள் இரண்டுக்கும் கூடவே போவார்கள். மலையகத்தில் சிரிப்புக் காதல் கதை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம்.

சோகத்தை வம்பாகக் கூப்பிட வேண்டாம், துரத்தவும் வேண்டாம். ஒரு விஷயம் சொல்கிறேன், கதைக்குப் பொருந்துமா பாருங்கள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் 1983இல் குடும்பத்தோடு இந்தியா போனாள். கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டம்தான். அவள் எனக்குக் கடிதம் எழுதுவாள். நலம், நலமறிய ஆவல் என்ற இரண்டு வரிக்குப் பிறகு மிச்சம் முழுக்கப் படக்கதைதான். புதுப் படம் அங்கே வந்த உடனே பார்த்துவிடுவாள், இங்கே வர மாதக்கணக்காகும். நீல நிற விமானக் கடிதத்தில் மடிக்கிற ஓரத்தில் கூட எழுதியிருப்பாள், அதைக் கிழிக்காமல் பிரிக்கவே எனக்குப் பத்து நிமிடம் எடுக்கும். ஊரை நினைத்து அழுததாக அவள் ஒருநாளும் எழுதவில்லை. ஒரு கடிதத்தின் கடைசியில் மட்டும், “இந்தப் படத்தை உன்கூட பாத்திருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்று இருந்தது. சரசுவுக்கும் கோத்தகிரியில் ஒரு தோழி இருக்கட்டுமே. அவள் எழுதுகிற முடிவும் சரசு கட்டுகிற முடிவும் வேறு வேறாக இருக்கட்டும்.

உங்கள் பெரியம்மா படம் சொல்லப் பழகியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் இலங்கை வானொலி வர்த்தக சேவை கேட்டு வளர்ந்தவர்கள். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா திரைவிருந்து நிகழ்ச்சி நடத்திய வேகம், மூச்சு விடாமல் ஏற்றி இறக்குகிற குரல், அதைக் கேட்டவர்களுக்குப் படத்தைச் சும்மா சொல்ல வராது.

—

நாவலப்பிட்டியான்:

அக்கா, எம்.ஜி.ஆர். பிறந்த ஊர்க்காரன் பேசுகிறேன். 1917 ஜனவரி 17. எங்கள் ஊரில் எந்தப் பேச்சும் அங்கே வந்துதான் முடியும், ஆகவே கோபிக்க வேண்டாம். உங்கள் கதையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி சண்டை எங்கே? 1993இல் பெரிசுகள் எல்லாரும் அதே கட்சிகளில்தான் இருந்தார்கள். எங்கள் தாத்தாவும் அவர் சம்பந்தியும் அந்தச் சண்டையில் இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை. சரசுவின் அப்பாவும் ரவியின் அப்பாவும் ஆளுக்கொரு கட்சி என்றால் கல்யாணத்துக்கு அதைவிட என்ன தடை வேண்டும்? சாதி, சொத்து என்று போகாமலே ஒரு பெரிய சண்டை கிடைக்கும், சிரிக்கவும் வைக்கும்.

டெக்கார ஐயா சொன்னது அருமை. ஆனால் எனக்கு ரவி மேல் ஒரு குறை. ரொம்ப நல்லவனாக இருக்கிறான். அவனுக்குப் படமே பிடிக்காமல் இருந்தால் என்ன? தினமும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற சாமான் மேல் யாருக்கு ஆசை வரும்? படத்தின் மேல் கடுப்பில் இருக்கிறவனுக்கு, அதையே சொல்லிக்கொண்டு திரிகிற பெண் மேல் ஆசை வந்தால்தான் கதை ஓடும்.

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, தயவு செய்து விட்டுவிடாதீர்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலை ரயில் சுரங்கம், அரைக் கிலோமீட்டருக்கு மேலே. படம் பார்த்துவிட்டுக் கோச்சியில் வரும்போது அந்த இருட்டில் எல்லாரும் கூக்குரல் போடுவார்களே, அந்த நேரம் சரசுவும் ரவியும் எதிர் எதிர் சீட்டில். கை பிடிக்க வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெளிச்சம் வரும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும். அடுத்தது கித்துல்கல. கொழும்பு பஸ் அந்த வழியாகத்தான் போகும். 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற அந்தப் பெரிய ஆங்கில யுத்தப் படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, நிஜமாகவே வெடிக்க வைத்த இடம். சரசு மாதிரி ஒருத்தி அதைத் தாண்டிச் சும்மா போவாளா? பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவாள்.

—

கொட்டகலைக்காரி:

டெக்கார ஐயா, நேற்று இரவு உங்கள் பதிலை நாலு தடவை படித்தேன். எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஐந்தாம் தடவையும் படித்தேன். “இப்ப எல்லாரும் அழுறாங்க, என்னா நடக்குது?” என்று கேட்ட அந்தப் பையன் என் நாவலைத் திருப்பிப் போட்டுவிட்டான்.

ரவி எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. மாட்டுப்பட்டிப் பக்கம் உட்கார்ந்து முகங்களை மட்டும் பார்த்தவன். படத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிய வருவது திங்கட்கிழமை சரசு சொல்லும்போதுதான். மறுநாள் சாமான் ஏற்ற வந்தவன் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று கேட்கிறான். ஆகவே அவள் கட்டிய முடிவுகள்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே முடிவுகள். அவன் உலகத்தில் எந்தப் படத்திலும் கதாநாயகி சாகவில்லை, யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. அவனோடு கசட் கடையில் நிற்கிற பையன்கள், அந்தப் படத்தில் அவள் செத்துப் போகிறாள் என்று சொன்னால் சண்டைக்கே போவான்.

தம்பி, ரவிக்குப் படம் பிடிக்காமல் இருக்கட்டும் என்பதை எடுத்துக்கொள்கிறேன். முதல் ஆறு அத்தியாயத்துக்கு மோட்டாரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று திட்டிக்கொண்டு திரிவான். ஆனால் அப்பாமார் சண்டையைக் கல்யாணத் தடையாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் லயத்திலும் அந்தச் சண்டை இருந்தது, ஆனால் சிவாஜி கட்சித் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எம்.ஜி.ஆர். கட்சித் தாத்தாதான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சிவாஜி வசனம் பேசிக் காட்டினார். நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு தாத்தாக்களையும் அப்படியே எழுதுவேன். சுரங்கத்தையும் எடுத்துக்கொண்டேன். கித்துல்கலையில் அவள் இறங்கியே தீருவாள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டீச்சர், அந்தக் கடிதத்து ஓரத்தை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. என் தோழிக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கோத்தகிரிக்காரிக்கு நல்ல பேரா வை” என்று மட்டும் சொன்னாள். கோத்தகிரிக் கடிதம் ஒவ்வொரு மூன்றாவது அத்தியாயத்திலும் வரும். சரசு உண்மையான முடிவைப் படிப்பாள், கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கடியில் வைப்பாள், மலைக்குப் போய்த் தன் முடிவைத்தான் சொல்வாள்.

மண்ணெண்ணெய் என்று ஐயா எழுதியதும் பதின்மூன்றாவது அத்தியாயம் தானாக வந்துவிட்டது. இரவே எழுதினேன். ஒரு துண்டு போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

“மோட்டார் இரண்டு தடவை இருமியது. டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கத்தியை ஓங்கிய கதாநாயகன் ஓங்கிய கையோடு இருட்டுக்குள் போனான். சனம் ஓவென்று கத்தியது. ரவி வெறும் கேனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். யாரும் எதிர்பார்க்காத நேரம் சரசு எழுந்து வீட்டுக்குள் போனாள். குப்பி லாம்பை ஊதி அணைத்துவிட்டு, திரியைக் கழற்றி, அப்படியே கொண்டு வந்து நீட்டினாள்.

‘இந்தாங்க, ஊத்துங்க.’

‘ஒங்க வீட்டுக்கு வெளிச்சம்?’

‘முடிவு தெரியாம வெளிச்சத்துல ஒக்காந்து என்னா செய்ய?’

பக்கத்து வீட்டு லாம்பு அணைந்தது. அதற்குப் பக்கத்து வீடு. தொங்கல் வீடு வரைக்கும் ஒவ்வொன்றாக லயம் இருட்டானது. ஆளுக்கொரு லாம்போடு வரிசையாக வந்தார்கள். ரவி கட்டியிருந்த சாரத்தின் நுனியை வடிகட்டியாகப் பிடித்து, ஒவ்வொரு லாம்பாக டாங்கிக்குள் ஊற்றினான்.”

—

பொகவந்தலாவை டெக்காரர்:

மகள், படித்துவிட்டு வீட்டு மனிசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவ ஒரு தோட்டத்துக்குப் படம் போடப் போன இடத்தில் கிடைத்தவதான். அது வேறு கதை.

வடிகட்டினது நல்லது, லாம்பு எண்ணெயில் திரித் தூசு இருக்கும், அப்படியே ஊற்றினால் மோட்டார் அடைத்துவிடும். ஆனால் ஒரு பிழை இருக்கிறது. ஓடிச் சூடான மோட்டாரில் உடனே எண்ணெய் ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும். பத்து நிமிடமாவது ஆறவிட வேண்டும். லாம்பும் இல்லை, டிவியும் இல்லை, முழு லயமும் கும்மிருட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை சரசுவுக்குக் கொடுங்கள்.

—

கொட்டகலைக்காரி:

ஐயா! அந்த இருட்டிலேயே அவள் முடிவைச் சொல்லிவிடுவாள். ரவி முதல் தடவையாக மோட்டார் சத்தம் இல்லாமல், பக்கத்தில் நின்று கேட்பான்.

அதற்குப் பிறகு அவன் போய் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுவானா?

—

பொகவந்தலாவை டெக்காரர்:

பண்ணத்தானே வேண்டும், சனம் காசு சேர்த்துக் கொடுத்திருக்கே. ஆனால் கயிற்றை இழுக்கிற கையில் பலம் இருக்காது. மூன்று நாலு தடவை இழுத்தும் பிடிக்காமல் இருக்கிற மாதிரி எழுதுங்கள்.